மல்லிக்கு நவம்பரில் முடி கொட்டிய கதை

2023 தீபாவளி முடிந்து ஐந்தாறு நாள் இருக்கும். வாசல் தெளிக்கப் போன அம்மா பாதியில் திரும்பி வந்து, "கண்ணு, மல்லிய வந்து பாரு" என்றார். குரலில் இருந்த பதற்றத்தைக் கேட்டு அப்படியே ஓடினேன். எங்கள் நாய் மல்லி படுத்து எழுந்த சாக்கு முழுக்க வெள்ளை முடி. பக்கத்தில் நின்றவள் உடம்பை ஒரு உதறு உதறினாள். இலவங்காய் வெடித்ததுபோல் காற்றில் பறந்தது. முதுகைத் தடவிப் பார்த்தேன். இழுக்கவே இல்லை, தடவியதற்கே கை நிறைய வந்தது.

சடை நாய் வளர்க்கிற வீட்டில் முடி கொட்டுவது புதிது இல்லை. கொடியில் இருந்து எடுக்கும் துணியை இரண்டு முறை உதறிவிட்டுத்தான் போடுவோம். ஆனால் இந்த அளவு அதுவரை பார்த்ததில்லை. ஒரு வாரத்தில் சீவி எடுத்தது மட்டும் இரண்டு மஞ்சப்பை நிறைய. கழுத்தைச் சுற்றியிருந்த பிடரி போயிற்று, வால் குஞ்சம் போயிற்று, பின்தொடையில் தொங்கிய முடியும் போயிற்று. எடை குறையாமலேயே பாதி நாயாகத் தெரிந்தாள். அவளுக்கு அதைப்பற்றிய கவலை எதுவும் இல்லை. சொறியவில்லை, நக்கவில்லை, தட்டை வழித்துச் சாப்பிட்டாள், பால்காரரைப் பார்த்து வழக்கம்போல் குரைத்தாள்.

மல்லி இண்டியன் ஸ்பிட்ஸ். எங்கள் தெருவில் எல்லோரும் பொமரேனியன் என்றுதான் சொல்வார்கள், நாங்களும் அப்படிச் சொல்லித்தான் 2019 பிப்ரவரியில் இரண்டு மாதக் குட்டியாக வாங்கி வந்தோம். உண்மையான பொமரேனியன் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் வளராது. மல்லி ஒன்பது கிலோ. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த ஸ்பிட்ஸ் நாய்களின் வழியில் இங்கேயே பல தலைமுறை பெருகி, நம் வெயிலுக்குக் கொஞ்சம் பழகிய இனம் இது. கொஞ்சம்தான். உடம்பைப் போர்த்தியிருக்கும் முடி, அதாவது கோட்டு மட்டும் இன்னும் குளிர்நாட்டுக் கோட்டுதான்.

அந்தக் கோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது புரியாமல்தான் நாங்கள் முதல் நான்கு வருடம் தடுமாறினோம். வெளியே தெரியும் நீளமான, விறைப்பான முடி ஒரு அடுக்கு. அதை விலக்கிப் பார்த்தால் அடியில் பஞ்சு மாதிரி மெல்லிய முடி இன்னொரு அடுக்கு. தோலில் ஒரே துளையில் இருந்து ஒரு நீள முடியும் அதைச் சுற்றிப் பல பஞ்சு முடிகளும் சேர்ந்து வரும். ஒவ்வொரு முடியும் கொஞ்ச காலம் வளரும், அப்புறம் வளர்ச்சி நின்று ஓய்வில் இருக்கும், அப்புறம் உதிரும். குளிர்நாட்டு நாய் இனங்களில் பெரும்பாலான முடி நீண்ட நாள் ஓய்வில்தான் இருக்கும். எப்போதும் வளர்ந்துகொண்டே இருக்கும் பூடில் போன்ற இனங்களுக்கு நேர் எதிர்.

எப்போது உதிர வேண்டும் என்று நாயின் உடம்புக்குச் சொல்வதில் வெயிலை விடப் பகல் நீளத்துக்கே அதிகப் பங்கு உண்டு. கண்ணில் படும் வெளிச்சத்தின் அளவை வைத்து மூளை ஹார்மோன்களை மாற்றுகிறது, அதற்கேற்ப முடி மாறுகிறது. ஸ்பிட்ஸ்களின் முன்னோர் இருந்த பால்டிக் கடலோரத்தில் ஜூன் மாதப் பகல் சுமார் 17 மணி நேரம், டிசம்பர் பகல் ஏழு மணி நேரம் சொச்சம். அங்கே இருக்கும் நாய்க்குக் குழப்பம் இல்லை. நாங்கள் இருக்கும் கோயம்புத்தூரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்கூட வராது. போதாததற்கு வீட்டுக்குள் ராத்திரி பதினொரு மணி வரை ட்யூப்லைட். பருவம் எது என்று அந்த உடம்புக்கு யார் சொல்வது? அதனால் இங்கே பல சடை நாய்கள் வருடம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கின்றன. திடீரென்று மொத்தமாக உதிர்த்தால் வேறு காரணம் தேட வேண்டும். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்த நவம்பரில் தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பட்டாசுச் சத்தத்தில் பயந்துவிட்டது என்றார் ஒருவர். மழைக்குளிர் என்றார் இன்னொருவர். உப்பு போட்ட சாப்பாடு, தண்ணீர் மாற்றம், உடம்புச் சூடு, கண் பட்டது. தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார்கள், செய்தோம். இரண்டு நாளில் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து மீதி இருந்த முடி திரித்திரியாக ஒட்டிக்கொண்டது. நாய் முடிக்கு மேலே எண்ணெய் பூசுவதால் உள்ளே நடப்பதை மாற்ற முடியாது. எண்ணெயை எடுக்க நம் ஷாம்புவைப் போடலாமா என்று அம்மா கேட்டார். நல்லவேளையாகப் போடவில்லை. நாயின் தோல் நம் தோலைவிட மெல்லியது, காரத்தன்மையும் வேறு. நமக்கு ஏற்றது அதை வறட்டிவிடும்.

எனக்குச் சந்தேகம் வேறு பக்கம் போனது, அதற்குக் காரணம் எங்கள் வீட்டுக் காலண்டர்.

அம்மா மாதக் காலண்டரில் எல்லாவற்றையும் எழுதுவார். பால் கணக்கு, கேஸ் சிலிண்டர் வந்த தேதி, அப்பாவின் மாத்திரை வாங்கிய நாள், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய். மல்லி வந்த பிறகு அவளும் அதில் சேர்ந்துவிட்டாள். வருடம் முடிந்தாலும் காலண்டரைத் தூக்கிப் போட மாட்டார், சுருட்டிப் பரணில் வைப்பார். 2021 செப்டம்பரில் ஒருமுறை மல்லிக்கு நிறைய முடி கொட்டியபோது, போன வருடம் எப்போது கொட்டியது என்று பார்க்கப் பழைய காலண்டர்களை இறக்கினேன். 2019 டிசம்பர். 2020 ஜூலை. 2021 பிப்ரவரி. இப்போது செப்டம்பர். வெயில், மழை, குளிர் எதோடும் ஒட்டவில்லை. ஆனால் ஏழு மாதத்துக்கு ஒருமுறை, கணக்காக.

அந்தத் தாள்களில் அங்கங்கே சிவப்பு மையில் ஒரு சின்னப் புள்ளி இருந்தது. என்னவென்று கேட்டேன். "அது மல்லி ஹீட்டுக்கு வந்த நாளுடா" என்றார் அம்மா. ஹீட் என்றால் பெண் நாய் இணைசேரத் தயாராகும் பருவம். எழுத வேண்டாம் என்று புள்ளி மட்டும் வைத்திருந்தார். 2019 செப்டம்பர், 2020 ஏப்ரல், 2020 நவம்பர், 2021 ஜூன். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று மாதம் கழித்து முடி. அன்றைக்கு நானும் அம்மாவும் தரையில் காலண்டர்களை விரித்து உட்கார்ந்து விரல்விட்டு எண்ணியது இப்போதும் நினைவில் இருக்கிறது.

கருத்தடை செய்யாத பெண் நாய் ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதத்தில், குட்டி போட்டாலும் போடாவிட்டாலும், ஹார்மோன் ஏறி இறங்குவதால் அடிமுடியைக் கொட்டிவிடும். பெண் நாய் வைத்திருப்பவர்கள் பலரும் இதைக் கோடை உதிர்வு, குளிர் உதிர்வு என்று நினைத்துக்கொள்கிறார்கள், தற்செயலாக மாதம் ஒத்துப்போனால் சந்தேகமே வருவதில்லை. 2022 மே மாதம் மல்லிக்குக் கருத்தடை செய்தோம். அதற்குப் பிறகு முடியின் தன்மையே கொஞ்சம் மாறியது. வழவழப்பு குறைந்து கம்பளி மாதிரி அடர்ந்தது, சிக்கும் அதிகம். நீள முடி உள்ள இனங்களில் சிலவற்றுக்குக் கருத்தடைக்குப் பிறகு இப்படி ஆவது உண்டு. மொத்தமாகக் கொட்டுவது நின்று தினமும் கொஞ்சம் என்று ஆனது. ஒன்றரை வருடம் அப்படியே போனது.

அதனால்தான் 2023 நவம்பர் எங்களைப் பயமுறுத்தியது. பருவக் கணக்கும் இல்லை, சிவப்புப் புள்ளியும் இல்லை.

டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். மல்லியை மேஜையில் ஏற்றியதும் அங்கேயும் முடி பறந்தது. பயத்தில் மேஜை மேல் நிற்கும்போது எல்லா நாய்க்கும் கொஞ்சம் உதிரும், ஆனால் இது அந்தக் கணக்கில் வராது என்றார். முடியை வரிவரியாக விலக்கித் தோலைப் பார்த்தார். சிவப்பு இல்லை, செதில் இல்லை, வாடை இல்லை, வட்டமாக மொட்டையான இடம் எதுவும் இல்லை. ஒரு சிட்டிகை முடியை இழுத்து நுண்ணோக்கியில் வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். முடி நடுவில் உடைந்திருந்தால் நாய் கடித்தோ நக்கியோ போயிருக்கிறது என்று அர்த்தமாம். இது வேரோடு, முனை காய்ந்து, தானாகக் கழன்ற முடி. தோலைச் சுரண்டி எடுத்துச் சொறிப்பூச்சி இருக்கிறதா என்றும் பார்த்தார், இல்லை. அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஆகஸ்ட்ல இவளுக்கு என்ன ஆச்சு?"

நான் ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டார். "காய்ச்சல் வந்துச்சுங்களே டாக்டர், நீங்கதான பாத்தீங்க."

வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தோம். ஆகஸ்ட் 17, "மல்லி சாப்பிடல." 18, "தண்ணி மட்டும்." 19, "டாக்டர், ஊசி, ரத்தம் எடுத்தது." எனக்குப் பழைய கதையாகிவிட்டிருந்தது. உண்ணிக் காய்ச்சல். காய்ச்சல் 104.5. நாய்க்குச் சாதாரணமாகவே 101 முதல் 102.5 வரை இருக்கும் என்பதால் தொட்டுப் பார்த்து நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. ஈறு வெளுத்திருந்தது. வயிற்றுப் பக்கம் முடி குறைந்த இடத்தில் கொசுக்கடி மாதிரி சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு (பிளேட்லெட்) குறைந்ததால் தோலுக்கடியில் ரத்தம் கசிந்த அடையாளம். இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய தட்டணு 42,000 இருந்தது. எர்லிக்கியா என்ற கிருமி, பழுப்பு உண்ணி கடித்து வருவது. 28 நாள் டாக்ஸிசைக்ளின் மாத்திரை. நான்கு நாளில் எழுந்து ஓடினாள், நாங்களும் மறந்துவிட்டோம்.

உடம்பு மறக்கவில்லை. கடுமையான காய்ச்சல், பெரிய அறுவை, பிரசவம், பட்டினி இப்படி ஏதாவது வந்தால் உடம்பு உயிரைக் காப்பாற்றும் வேலைக்கு எல்லாவற்றையும் திருப்பிவிடும். முடி வளர்ப்பதை நிறுத்திவிடும். வளர்ந்துகொண்டிருந்த முடிகளும் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போகும். ஓய்வில் இருக்கும் முடி உடனே விழாது, தோலில் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஒன்று முதல் மூன்று மாதம் கழித்து அடியில் புது முடி கிளம்பும்போது பழையது எல்லாம் சேர்ந்து விழும். டெலோஜன் எஃப்லூவியம் என்று டாக்டரம்மா பெயர் சொன்னார். பெயர் அம்மாவுக்குத் தேவைப்படவில்லை. "எனக்குப் பதிமூணு வயசுல டைபாய்டு வந்து போச்சு. நல்லா ஆகிப் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்ச பிறகுதான் சடை சடையாக் கொட்டுச்சு. எங்கம்மா அழுதாங்க" என்றார். டாக்டரம்மா அதே விஷயம்தான் என்றார். டெங்கு, சிக்குன்குனியாவுக்குப் பிறகு முடி கொட்டியவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர். நாய்க்கும் அப்படி ஆகும் என்று மட்டும் நமக்குத் தோன்றுவதில்லை.

முடியை விலக்கித் தோலை அருகில் பார்த்தால் அடியில் பச்சைக் குழந்தையின் தலைமுடி மாதிரி புது முடி ஏற்கெனவே அரும்பியிருந்தது. அதுதான் எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல். கொட்டுகிற நாயை வைத்திருப்பவர்கள் முதலில் அதைத் தேடுங்கள் என்பேன்.

தைராய்டு பரிசோதனை செய்யலாமா என்று கேட்டேன், நண்பர் ஒருவரின் வயதான லேப்ரடாருக்கு அதனால்தான் முடி போனது. அந்த நாய் சாப்பாடு கூடாமலேயே பருத்தது, எந்நேரமும் தூங்கியது, வால் மட்டும் எலிவால் மாதிரி ஆனது. மல்லிக்கு அப்படி எதுவும் இல்லை. அதோடு, பெரிய நோயில் இருந்து எழுந்த நாய்க்கு உடனே பார்த்தால் தைராய்டு நன்றாக இருந்தாலும் அளவு குறைவாகக் காட்டும், தேவையில்லாமல் காலம் முழுக்க மாத்திரை போட வேண்டி வரும், பொறுத்துப் பார்ப்போம் என்றார். 2024 பிப்ரவரியில் எடுத்தோம், சரியாக இருந்தது. பொறுக்கச் சொன்ன மருத்துவர் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். தட்டணு எண்ணிக்கையை மட்டும் அன்றைக்கே எடுத்தார், காய்ச்சல் உள்ளுக்குள் இன்னும் இருக்கிறதா என்று தெரிய வேண்டும் என்பதற்காக. 2,40,000.

அப்புறம் சாப்பாடு. என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். காலையில் பாலும் பிஸ்கட்டும், மத்தியானமும் ராத்திரியும் தயிர்சாதம் என்றோம். நம் ஊரில் எத்தனையோ ஸ்பிட்ஸ் தயிர்சாதத்திலேயே வாழ்ந்து முடிந்திருக்கின்றன, நாங்கள் ஏதோ குறை வைத்ததாக நினைக்கவே இல்லை. டாக்டரம்மா கோபப்படவில்லை. முடி என்பதே புரதம்தான், சடை நாய் சாப்பிடும் புரதத்தில் பெரிய பங்கு தோலுக்கும் முடிக்கும் போய்விடும், இவ்வளவையும் கொட்டிவிட்டு மறுபடி முளைக்க வேண்டும் என்றால் தயிர்சாதம் எங்கே போதும் என்று மெதுவாகச் சொன்னார். ஆகஸ்டில் மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுக்காதீர்கள், சாப்பாடு போட்டபின் கொடுங்கள் என்று அவர் சொன்னதும் அப்போது நினைவுக்கு வந்தது. பாலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து அந்த மருந்தை உடம்பில் சேரவிடாது.

எங்கள் வீட்டில் முட்டை வந்ததே இல்லை. அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும், அதனால் நான் எதுவும் சொல்லாமல் இருந்தேன். மறுநாள் பின்கட்டில் பழைய இண்டக்‌ஷன் அடுப்பை வைத்து, அதற்கென்று ஒரு சின்னச் சட்டி வாங்கி, அம்மாவே முட்டை வேகவைத்தார். "அவ பச்சப்புள்ள, அவளுக்கு என்ன தெரியும் நம்ம ஆச்சாரம்" என்றார். தினம் ஒன்று, நன்றாக வேகவைத்தது. பச்சை முட்டையின் வெள்ளைக்கரு முடிக்குத் தேவையான பயோட்டினைக் கட்டிப்போட்டுவிடும், அதனால் பச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா வாரம் இரண்டு நாள் மத்தி மீனை அவித்து முள் எடுத்துக் கொடுத்தனுப்பினார். மீதிக்கு நாய்க்கென்றே விற்கும் உலர் உணவு. தயிர்சாதம் இப்போதும் உண்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு உருண்டை, அவள் ஆசைக்கு.

சீவுவதில் நாங்கள் செய்துகொண்டிருந்த தவறையும் சொல்ல வேண்டும். மேலாக பிரஷ் போட்டால் மேல்முடி பளபளவென்று இருக்கும், அடியில் உதிர்ந்த பஞ்சு வெளியே வர வழியில்லாமல் கட்டியாகிச் சிக்கிக்கொள்ளும். இடது கையால் முடியை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்து, தோல் ஒரு கோடாகத் தெரிய வேண்டும். அந்தக் கோட்டில் இருந்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, அடுத்த கோடு, அடுத்த கோடு என்று போக வேண்டும். அகலப் பல் இரும்புச் சீப்பும், அடிமுடி எடுக்கும் ரேக்கும் இருந்தால் போதும். காதுக்குப் பின்னால், அக்குள், பின்தொடை இந்த மூன்றும் முதலில் சிக்காகும் இடங்கள். குளிப்பாட்டுவதற்கு முன்னால் சீவ வேண்டும். சிக்கோடு நனைத்தால் கம்பளி மாதிரி இறுகிவிடும், அப்புறம் கத்தரிதான்.

அந்த நவம்பரில் மழை விடாமல் பெய்தது. உதிர்ந்த பஞ்சு ஈரத்தோடு தோலில் ஒட்டிக்கொண்டால் ஒரே ராத்திரியில் புண்ணாகிவிடும், அதுவும் கோடைப் புண் மாதிரி இல்லாமல் நீர் வடிந்து பரவும். அதனால் நடக்கப் போய் வந்ததும் பழைய வேட்டியால் ஒற்றி எடுத்து, ஹேர் ட்ரையரைச் சூடில்லாமல் வைத்து அடிவரை காயவிட்டோம். முதல் இரண்டு நாள் அந்தச் சத்தத்துக்கு ஓடினாள். மூன்றாம் நாளில் இருந்து வயிற்றைக் காட்டிப் படுத்துக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான், "இவ்ளோ கொட்டுதே, மொட்டை அடிச்சு விட்டுடுங்க, புதுசா நல்லா வளரும்" என்று நான்கு பேராவது சொன்னார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். எதிர்வீட்டு ஸ்பிட்ஸ் டாமிக்கு 2021 கோடையில் அப்படி ஒட்ட வழித்துவிட்டார்கள், வெயிலுக்குச் சுகமாக இருக்கும் என்ற நல்ல எண்ணத்தில்தான். பதினான்கு மாதம் முதுகில் முடி சரியாக வரவில்லை. வந்தது திட்டுத்திட்டாக, வேறு நிறத்தில். நடுப்பகலில் தோல் சிவந்து போகும். மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளரும் என்று குழந்தைகளுக்குச் சொல்வதை நாம் நாய்க்கும் சொல்கிறோம். நீண்ட நாள் ஓய்வில் இருக்கும் முடியை வழித்துவிட்டால், அந்த ஓய்வு முடிந்து அடுத்த சுற்று தொடங்கும் வரை அந்த இடம் அப்படியேதான் இருக்கும். நாய் நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதும் இல்லை, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்குகிறது. சீவிச் சுத்தமாக வைத்த கோட்டு வெயிலில் இருந்து தோலைக் காக்கும். பாதத்துக்கடியிலும் மலம் கழிக்கும் இடத்திலும் கத்தரிப்பது வேறு, அது தேவை.

கொட்டிய முடியைவிட எங்களைத் தூங்கவிடாமல் செய்தது உண்ணிதான். காரணம் அதுதானே. மாதம் ஒருமுறை வேப்பெண்ணெய் தடவினால் போதும் என்று இருந்தோம், போதவில்லை. பழுப்பு உண்ணி நாயின் மேல் இருப்பது கொஞ்ச நாள்தான். ரத்தம் குடித்ததும் கீழே விழுந்து, சுவர் விரிசல், கட்டில் மூட்டு, கேட் இடுக்கு என்று ஏறி ஒளிந்துகொள்ளும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாங்கள் கேட்டுக்குப் பின்னால் இருந்த விரிசலை சிமெண்ட் வைத்து அடைத்தோம், மல்லியின் சாக்கை எரித்துவிட்டு வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைக்கக்கூடிய மெத்தை போட்டோம், அவள் எடைக்கு ஏற்ற உண்ணி மருந்தை மருத்துவர் சொன்ன தேதியில் தவறாமல் கொடுக்கிறோம். வீட்டில் பூனையும் இருந்தால் நாய் மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள், பெர்மெத்ரின் உள்ளது பூனையைக் கொன்றுவிடும். அதேபோல் நாய்க்குக் காய்ச்சல் என்றதும் நம் மாத்திரைப் பெட்டியைத் திறக்க வேண்டாம். ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைகள் அதன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். ஏற்கெனவே தட்டணு குறைந்திருக்கும் நாய்க்கு அது இன்னும் ஆபத்து.

எல்லா உதிர்வும் மல்லியுடையது மாதிரி தானாகச் சரியாகிவிடாது. சொறிந்துகொண்டே இருந்தால், வட்ட வட்டமாக மொட்டையானால், தோல் கறுத்துத் தடித்தால், எண்ணெய் வாடை வந்தால், தண்ணீர் குடிப்பதும் மூத்திரம் போவதும் கூடி வயிறு மட்டும் தொங்கினால், காத்திருக்க வேண்டாம். வட்டமான மொட்டை படர்தாமரையாக இருந்தால் வீட்டுக் குழந்தைகளுக்கும் ஒட்டும். உடம்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி போய்த் தோல் தெரிந்தாலும் ஹார்மோன் கோளாறா என்று பார்க்க வேண்டும். ஸ்பிட்ஸ், பொமரேனியன் வகைகளில் தலையிலும் காலிலும் முடி இருக்க, உடம்பு மட்டும் மொட்டையாகும் ஒரு நோயும் உண்டு. இதையெல்லாம் கண்ணால் பார்த்து நாமே முடிவு செய்ய முடியாது. நாம் செய்யக்கூடியது, போகும்போது கடந்த மூன்று நான்கு மாதத்தில் நடந்ததைச் சரியான தேதியோடு கொண்டுபோவது. காய்ச்சல், ஹீட், குட்டி, அறுவை, ஊர் மாற்றம், தீனி மாற்றம், புது மருந்து. எங்கள் டாக்டரம்மா அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால், நாங்கள் தீபாவளிப் பட்டாசின் மேல் பழியைப் போட்டுவிட்டு உண்ணியை விட்டிருப்போம்.

கொட்டுவது கிட்டத்தட்ட ஐந்து வாரம் நீடித்தது. டிசம்பர் நடுவில் சீப்பில் வருவது பாதியானது. பொங்கலுக்கு அடிமுடி நிறைந்து மறுபடி உருண்டையானாள். பிடரி வர ஏப்ரல் ஆனது. வால் குஞ்சம் பழைய நீளத்துக்கு வர ஒரு வருடம் பிடித்தது. நடுவில் ஜனவரியில் ஒருமுறை, வளராமலே போய்விடுமோ என்று அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. போன வாரப் போட்டோவையும் அந்த வாரப் போட்டோவையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். வாரம் ஒரு போட்டோ, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்து வைத்தது அதற்குத்தான் உதவியது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு வளர்ச்சி தெரியாது.

சீவிய முடியை அம்மா முதலில் செம்பருத்திச் செடியில் போட்டு வைப்பார், தேன்சிட்டு எடுத்துப் போய்க் கூட்டில் வைக்கட்டும் என்று. டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். மேலுக்கு உண்ணி மருந்து போடும் நாயின் முடியில் மருந்து தங்கியிருக்கும், குஞ்சுகளுக்கு ஆகாது என்று அவர் சொன்னதும் அம்மாவின் முகம் வாடிவிட்டது. அன்று சாயங்காலமே செடியில் சிக்கியிருந்த முடி ஒன்றுவிடாமல் பொறுக்கினார். தென்னை நார் கொஞ்சம் பிரித்து அங்கே கட்டினார்.

இந்த வருடக் காலண்டரில் ஜூன் 21 கட்டத்தில் பால் கணக்குக்குக் கீழே எழுதியிருக்கிறார்: "மல்லி, உண்ணி 1, இடது காது." அன்றே எடுத்துப் போட்டாயிற்று, காய்ச்சலும் வரவில்லை. நேற்று எதற்கோ செப்டம்பர் தாளைத் தூக்கிப் பார்த்தேன். 21ஆம் தேதிக் கட்டத்தில் பென்சிலால் சின்னதாக "முடி?" என்று இருந்தது.